குவார்ட்டர் என்றால் 180 மில்லி மட்டும்தானா?

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன. வாரத்தில் ஒரு மாலை இரண்டு பெக், நிறைய சோடா, கொஞ்சம் ஐஸ். என் பழக்கம் அவ்வளவுதான். போன மாதம் துபாயிலிருந்து வந்த மாப்பிள்ளை ‘லஃப்ராய்க் குவார்ட்டர் காஸ்க்’ என்று ஒரு ஸ்காட்ச் சிங்கிள் மால்ட் வாங்கிவந்தார். மூடியைத் திறந்ததும் ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. சமையலறையிலிருந்து என் மனைவி, “பினாயில கொட்டிட்டீங்களா?” என்று கேட்டாள். ஐஸ் போட்டதும் விஸ்கி கலங்கிவிட்டது. லேபிளில் 10 ஆண்டு, 12 ஆண்டு என்று வயதும் இல்லை. “சின்ன பீப்பாயில வச்சது மாமா, சீக்கிரமே பழுத்துடும்” என்கிறார் மாப்பிள்ளை. கடையில் ஏமாந்துவிட்டாரோ என்று அவரிடம் கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. இதை எப்படித்தான் குடிப்பது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: மாப்பிள்ளை ஏமாறவில்லை ஐயா. நீங்கள் குறையாக எழுதியவற்றில் வாடையும் கலங்கலும் அந்தச் சரக்குக்கு ஆதரவான இரண்டு சாட்சிகள். வயது போடாததும் குற்றமில்லை. உங்கள் கடிதத்தில் நான் மறுக்க விரும்புவது ஒரே ஒரு வாக்கியத்தை, அதுவும் பாதியை: ‘சீக்கிரமே பழுத்துடும்.’

முதலில் அந்தப் பெயர். நம் ஊரில் குவார்ட்டர் என்றால் ஃபுல் பாட்டிலில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, 180 மில்லி. அங்கேயும் கணக்கு அதேதான், அளவுதான் வேறு. ஷெர்ரி ஒயின் ஊறும் பெரிய பீப்பாய்க்கு ‘பட்’ என்று பெயர். ஏறத்தாழ 500 லிட்டர் பிடிக்கும். அதில் கால்வாசி, சுமார் 125 லிட்டர் பிடிப்பது குவார்ட்டர் காஸ்க். இரண்டுக்கும் நடுவில் 250 லிட்டர் ‘ஹாக்ஸ்ஹெட்’, 200 லிட்டர் அமெரிக்க பேரல் என்று வேறு அளவுகளும் உண்டு. இன்று ஸ்காட்லாந்தில் அதிகம் புழங்குவது இந்த அமெரிக்க பேரல்தான். பர்பன் விஸ்கியைப் புதிய, உள்ளே தீயில் கருக்கிய ஓக் பீப்பாயில்தான் ஊறவைக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். ஒருமுறை பயன்படுத்திய பீப்பாய் மறுபடி பர்பனுக்கு உதவாது. அதை ஸ்காட்லாந்துக்காரர்கள் வாங்கிக்கொள்கிறார்கள்.

பீப்பாய் சின்னதானால் என்ன ஆகும்? உங்கள் வீட்டில் மாங்காய் ஊறுகாய் போடுபவரைக் கேட்டால் சொல்லிவிடுவார். பெரிய துண்டாக வெட்டினால் உப்பு உள்ளே இறங்க நாளாகும்; பொடியாக நறுக்கினால் மறுநாளே பரிமாறலாம். மாங்காய் அதே மாங்காய்தான், உப்பு படும் பரப்புதான் கூடியிருக்கிறது. பீப்பாயிலும் அப்படியே. ஒரே வடிவத்தில் கொள்ளளவை நான்கில் ஒன்றாகக் குறைத்தால், ஒவ்வொரு லிட்டருக்கும் கிடைக்கும் மரப்பரப்பு சுமார் 1.6 மடங்காகிறது. இது 500-லிருந்து 125-க்கு வரும்போது. 200 லிட்டர் பேரலோடு ஒப்பிட்டால் கூடுதல் 17 சதவீதம்தான். வாங்கிவந்தவர் நினைக்கும் அளவுக்கு அது பெரிய வித்தியாசம் இல்லை.

பீப்பாயை இன்னும் இன்னும் சின்னதாக்கினால் என்ன ஆகும் என்பதை என் சொந்தச் செலவில் கற்றுக்கொண்டேன். கிளாஸ்கோவில் வேலைபார்த்த காலத்தில், பரிசுப்பொருள் விற்கும் ஒரு கடையில் இரண்டு லிட்டர் பிடிக்கும் குட்டி ஓக் பீப்பாய் ஒன்றை வாங்கினேன். புது மரம். உள்ளே சாதாரண மால்ட் விஸ்கி இரண்டு பாட்டிலும் மூன்றாவதில் பெரும்பகுதியும் ஊற்றி அலமாரியில் வைத்துவிட்டு, ஒரு மாதத்தில் எடுப்பதாக நினைப்பு. இடையில் ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், திரும்பி வர ஐந்து மாதமாகிவிட்டது. குழாயைத் திருப்பினால் டிகாக்‌ஷன் நிறத்தில் ஒழுகியது. அளவும் கணிசமாகக் குறைந்திருந்தது. ஒரு வாய் வைத்தேன். மரப்பட்டறையில் இழைத்த தூளை ஊறப்போட்டு, அதில் கடுக்காயை உரசிவிட்ட மாதிரி ஒரு துவர்ப்பு. நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. 200 லிட்டர் பேரலைவிட அந்தக் குட்டிப் பீப்பாயில் லிட்டருக்கு நாலரை மடங்கு மரம் பட்டிருக்கிறது என்று பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆனால் நான் கவனித்த முக்கியமான விஷயம் துவர்ப்பு அல்ல. அத்தனை மரத்துக்கும் அடியில், நான் ஊற்றிய அந்த மலிவு விஸ்கியின் முரட்டுத்தனம் அப்படியே இருந்தது. மேலே சாயம் ஏறியிருந்ததே தவிர, உள்ளே ஒன்றும் மாறவில்லை.

உங்கள் மாப்பிள்ளையின் வாக்கியத்தில் நான் பாதியை மறுப்பது இதனால்தான். பீப்பாய்க்குள் ஒரு வேலை அல்ல, பல வேலைகள் நடக்கின்றன. ஒன்று, மரம் கொடுப்பது: வெனிலா மணம், தேங்காய் மணம், கருக்கிய மரச்சர்க்கரையின் இனிப்பு, நிறம், துவர்ப்பு. இன்னொன்று, மரம் எடுப்பது: உள்ளே கருகியிருக்கும் கரி, புதுச் சாராயத்தின் கந்தக நாற்றத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த இரண்டும் பரப்பைப் பொறுத்தவை; பீப்பாய் சின்னதானால் வேகம் கூடும். மூன்றாவது வேலை வேறு ரகம். மரத்தின் வழியே காற்று மெதுவாக உள்ளே வர, ஆல்கஹாலும் அமிலங்களும் கூடிக் கூடிப் பழ மணங்களாக மாறுகின்றன, முனைகள் மழுங்குகின்றன. அதற்குக் காலம்தான் வேண்டும். பொடியாக நறுக்கிய மாங்காயில் உப்பு பிடிக்கும். ஆவக்காய் ஜாடியில் மூன்று மாதம் கிடந்து வரும் ருசி வராது.

அமெரிக்காவின் கென்டக்கியில் பஃபலோ ட்ரேஸ் என்று ஒரு பெரிய டிஸ்டிலரி. அவர்கள் 5, 10, 15 கேலன் சிறு பீப்பாய்களில் ஒரே விஸ்கியை நிரப்பி ஏறத்தாழ ஆறு ஆண்டு காத்திருந்தார்கள். 2012-ல் அந்தச் சோதனை தோல்வி என்று அவர்களே அறிவித்தார்கள். மரமும் கரியும் ஏறியிருந்தன, ஆழம் வரவில்லை என்பதுதான் முடிவு. தோற்றதை வெளியே சொல்லும் கம்பெனிகள் குறைவு; அதற்காகவே எனக்கு அவர்கள்மேல் ஒரு மரியாதை. என் குட்டிப் பீப்பாய்க் கதையை நானே பல வருடம் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது உங்கள் பாட்டிலுக்கு வருவோம். ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஐலா என்று ஒரு தீவு. அதன் தென்கரையில், கடலலை சுவரில் தெறிக்கும் தூரத்தில் இருக்கிறது லஃப்ராய்க் டிஸ்டிலரி. தொடங்கிய ஆண்டு 1815. அந்தத் தீவில் விறகுக்கு மரம் குறைவு. சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மக்கி, கருப்புக் களிமண் மாதிரி கிடக்கும் பீட் என்ற எரிபொருள்தான் நிறைய. அதைச் செங்கல்போல் வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். முளைகட்டிய பார்லியை அந்தப் புகையில் உலர்த்தும்போது கிரெசால், குவையகால் போன்ற பீனால் வகைச் சேர்மங்கள் தானியத்தில் படிந்து, வடித்த பிறகும் சாராயத்தோடு வந்துவிடுகின்றன. நம் வீடுகளில் கழுவ ஊற்றும் கறுப்பு பினாயிலிலும் கிரெசால் வகைகள் உண்டு. ஆக, உங்கள் வீட்டம்மாவின் மூக்கு மிகச் சரியாக வேலை செய்திருக்கிறது. மதுவிலக்குக் காலத்து அமெரிக்காவில் இந்த விஸ்கியை மருந்து என்று சொல்லி உள்ளே அனுப்பினார்கள் என்று ஒரு கதை உலவுகிறது. முகர்ந்து பார்த்த அதிகாரி நம்பியிருந்தால் ஆச்சரியமில்லை.

வயது போடாத விவகாரம் இது. ஸ்காட்ச் என்று பெயர் போட, ஓக் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டு ஸ்காட்லாந்திலேயே ஊறியிருக்க வேண்டும். 40 சதவீத ஆல்கஹாலுக்குக் குறையக்கூடாது. பீப்பாய் 700 லிட்டரைத் தாண்டக் கூடாது என்று மேல்வரம்பு உண்டு, கீழ்வரம்பு கிடையாது. வயதைப் போட்டால், கலந்திருப்பதில் ஆக இளையதன் வயதைத்தான் போட வேண்டும். வெவ்வேறு வயதுச் சரக்கைக் கலப்பவருக்கு இது கையைக் கட்டிப்போடும் விதி. அதனால் பலர் எண்ணையே விட்டுவிடுகிறார்கள். 2004-ல் வெளிவந்த இந்தக் குவார்ட்டர் காஸ்க்கும் அந்த வகை. முதலில் பர்பன் பேரல்களில் ஊறி, கடைசிச் சில மாதங்கள் மட்டும் சின்ன பீப்பாய்க்கு மாறுகிறது. ஆண்டுக்கணக்கில் சின்ன பீப்பாயில் கிடந்தது அல்ல. என் அலமாரியில் நடந்த விபத்து அங்கே நடக்காமல் போனதற்குக் காரணம் அதுதான்.

இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. பீட் புகையின் வீச்சு வயதோடு குறையும். முப்பது ஆண்டு ஊறிய ஐலா விஸ்கியில் புகை, அணைந்த அடுப்பின் ஞாபகமாகத்தான் இருக்கும். ஆக, புகைக்காகவே குடிப்பவருக்கு இளமை ஒரு குறையல்ல, அதுதான் சரக்கே. அந்த இளமையைக் கெடுக்காமல், அதன் முரட்டுத்தனத்தின்மேல் மரத்தின் இனிப்பைக் கொஞ்சம் போர்த்தினால் போதும். புகையில்லாத மென்மையான ஒரு விஸ்கியை இதே வழியில் அவசரப்படுத்தியிருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும்.

சரி, குடிக்கும் விதம். சோடா வேண்டாம், ஐஸும் முதல் கிளாஸுக்கு வேண்டாம். அகன்ற டம்ளரும் வேண்டாம்; அடி பருத்து வாய் குறுகிய கிளாஸ் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் சிறிய ஒயின் கிளாஸ் போதும். 30 மில்லி ஊற்றிப் பத்து நிமிடம் சும்மா விடுங்கள். இது 48 சதவீதம்; நீங்கள் வழக்கமாகக் குடிக்கும் 42.8-ஐவிடக் காரம். மூக்கை உள்ளே விட்டு இழுத்தால் முதலில் வருவது மணமல்ல, நெடி. மிளகாய் வறுக்கும்போது வருமே, அந்த மாதிரி. கிளாஸை மோவாய்க்கு நேராகப் பிடித்து, வாயை லேசாகத் திறந்தபடி மெல்ல மூச்சிழுங்கள். நெடி வாய்வழியே போய்விடும், மணம் மட்டும் நிற்கும்.

மணம் அடுக்கடுக்காக வரும். எனக்கு எப்போதும் முதலில் பினாயிலும் டிஞ்சரும். அது முப்பது நொடியில் பழகிவிடும். மூக்கு அதைக் கணக்கில் எடுப்பதை நிறுத்தியதும் பின்னால் நிற்பவை முன்னால் வரும். கடற்கரையில் தணலில் வாட்டிய மக்காச்சோளம். அதன் கீழே தேங்காய் பர்ஃபி, அடிப்பிடித்த பாலின் இனிப்பு. இந்தத் தேங்காயும் இனிப்பும்தான் மரம் பேசுவது, குறிப்பாகச் சின்ன பீப்பாய் பேசுவது. விஸ்கி புத்தகங்களில் எழுதியிருக்கும் ‘ஹெதர் பூ’வையும் ‘கூஸ்பெர்ரி’யையும் தேடி நீங்கள் சிரமப்பட வேண்டாம். அந்தப் பூவை முகர்ந்தவர்கள் அதைச் சொல்லட்டும். உங்கள் மூக்கில் கருவாடு வந்தால் கருவாடு என்றே குறித்துக்கொள்ளுங்கள்.

வாயில் வைக்கும்போது முதல் மிடறைச் சும்மா சுழற்றி விழுங்கிவிடுங்கள். அது நாக்கைப் பழக்குவதற்கு. இரண்டாவது மிடறில்தான் வேலை. நாக்கின் மேல் இனிப்பு வரும், நடுவில் புகை எழும், விழுங்கிய பின் என்ன மிஞ்சுகிறது என்று கவனியுங்கள். இங்கே தமிழ்நாட்டுக்காரருக்கு ஓர் அனுகூலம் உண்டு. நமக்குச் சுவை ஆறு, அதில் துவர்ப்பும் ஒன்று. பாக்கு மென்று, வாழைப்பூ தின்று வளர்ந்த வாய்க்கு, மரத்தின் டானின் எங்கே தொடங்குகிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கன்னத்தின் உட்புறம் இழுத்துப்பிடிக்கும் அந்த உணர்வு மெலிதாக வந்து, இனிப்போடு கலந்து போனால் பீப்பாய் அளவோடு நின்றிருக்கிறது. இனிப்பு போனபிறகு துவர்ப்பு தனியாக உட்கார்ந்திருந்தால் பீப்பாய் அதிகம் பேசிவிட்டது. சின்ன பீப்பாய்ச் சரக்கு எதைச் சுவைத்தாலும் நான் தேடுவது இந்தத் தையலைத்தான்: மேலே போர்த்திய மரமும் அடியில் இருக்கும் இளம் சாராயமும் ஒன்றாக நெய்யப்பட்டிருக்கின்றனவா, ஒட்டுப்போட்டிருக்கிறதா?

உங்கள் பாட்டிலில் தையல் தெரியும், ஆனால் சுத்தமான தையல். என் அபிப்பிராயம் கேட்டால், முதல் கிளாஸுக்கு லஃப்ராய்க்கின் 10 ஆண்டைவிட எனக்கு இதுதான் பிடிக்கும். இரண்டாவது கிளாஸில் அந்த இனிப்பு கொஞ்சம் திகட்டும்; அப்போது பத்தாண்டுக்காரரின் வறண்ட, உப்புச் சாய்ந்த குணம் மேல் என்று தோன்றும்.

அடுத்து, தண்ணீர். சொட்டு மருந்துக் குழாயோ சின்ன ஸ்பூனோ எடுத்து 2 மில்லி விடுங்கள், தேக்கரண்டியில் பாதிக்கும் சற்றுக் குறைவு. 48 சதவீதம் 45 ஆக இறங்கும். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இருவர் 2017-ல் இதைக் கணினியில் ஆராய்ந்து வெளியிட்டார்கள். புகைமணத்துக்குக் காரணமான குவையகால், ஆல்கஹால் 45 சதவீதம் வரை இருக்கும் கலவையில் மேற்பரப்பை ஒட்டித் தங்குகிறது. 59-க்கு மேல் போனால் ஆல்கஹால் மூலக்கூறுகள் சூழ்ந்துகொள்ள உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. மேற்பரப்பில் இருப்பதுதானே மூக்குக்கு வரும்? 2 மில்லிக்கு முன்னும் பின்னும் முகர்ந்து பாருங்கள், திடீரென்று ஜன்னலைத் திறந்த மாதிரி கடல் காற்று வரும். 6 மில்லி வரை போகலாம், அப்போது சரியாக 40. அதற்குமேல் எனக்குச் சம்மதமில்லை. உங்கள் நாக்கு, உங்கள் விருப்பம்.

கலங்கலைக் கடைசிக்கு வைத்திருந்தேன். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் வெள்ளையாக உறைந்து நிற்குமே, எண்ணெய் கெட்டா போயிற்று? விஸ்கியிலும் கொழுப்பு அமிலங்களைச் சேர்ந்த நீண்ட மூலக்கூறுகள் உண்டு. ஆல்கஹால் 46 சதவீதத்துக்கு மேல் இருக்கும்வரை கரைந்து கிடக்கும். தண்ணீர் சேர்ந்தாலோ குளிர்ந்தாலோ வெளியே வந்து மங்கலாக்கும். ஐஸ் இரண்டையும் ஒரே நேரத்தில் செய்கிறது. பல கம்பெனிகள் விஸ்கியைக் குளிரவைத்து வடிகட்டி இவற்றை முன்பே நீக்கிவிடுகின்றன. பார்க்கப் பளிச்சென்று இருக்கும், வாயில் அந்த எண்ணெய்ப் பதம் குறையும். உங்கள் பாட்டிலுக்கு அந்த வடிகட்டல் நடக்கவில்லை. நீங்கள் ஐஸ் போட்டதால் அது தன் உண்மையைக் காட்டிவிட்டது. நிறத்தைப் பார்த்து மட்டும் எதையும் முடிவு செய்யாதீர்கள். ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டம் இடம் தருகிறது.

மாப்பிள்ளையின் ‘சீக்கிரம்’ ஆசைக்கு இன்னொரு வழி இருக்கிறது, அது நமக்குப் பக்கத்திலேயே. பெங்களூரு அம்ருத் டிஸ்டிலரி இதே 2004-ல் தன் சிங்கிள் மால்ட்டை ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலேயே அறிமுகம் செய்தது. அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2 சதவீதம் ஆவியாகப் போகும் விஸ்கி, பெங்களூரு வெயிலில் 10 சதவீதத்துக்கும் மேல் போகிறது. பீப்பாயைச் சின்னதாக்காமல், வெயிலே வேலையை விரைவாக்குகிறது. அடுத்த முறை ஓசூர் தாண்டும்போது ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், அவசரம் இருவகை என்பது நாக்குக்கே புரியும்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாது. லஃப்ராய்க் 1994 முதல் தன் வாடிக்கையாளர்களுக்கு டிஸ்டிலரி அருகே ஒரு சதுர அடி நிலத்தை ஆயுள் குத்தகைக்கு விடுகிறது. நீங்கள் நேரில் போனால் குத்தகை வாடகையாக அவர்கள் உங்களுக்கு ஒரு சின்ன கிளாஸ் தருவார்கள். பட்டா, சிட்டா எல்லாம் எதிர்பார்க்காதீர்கள். மாப்பிள்ளையை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

குடித்து முடித்த கிளாஸைக் கழுவாமல் இரவு மேசையிலேயே விட்டுவிடுங்கள். காலையில் ஆல்கஹால் முழுக்கப் பறந்திருக்கும். நெடி இல்லாமல் மரமும் புகையும் மட்டும் காய்ந்த கிளாஸில் நிற்கும். காப்பி குடிக்கும் முன் முகர்ந்து பாருங்கள். அதுவரை வீட்டில் யாரும் அதைத் தேய்த்துக் கவிழ்த்துவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.